பாய், நாய்க்குக் கொஞ்சம் எலும்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எந்தக் கறிக்கடை முன்னால் நின்றாலும் இது காதில் விழும்: "பாய், நாய்க்குக் கொஞ்சம் எலும்பு போடுங்க பாய்." பாயும் கத்தியை நிறுத்தாமலே, "நாய்க்கா, நாய் பேரைச் சொல்லி சூப்புக்கா?" என்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கேட்டவரும் சேர்ந்து சிரிப்பார், ஏனென்றால் இரண்டுக்கும்தான். புளியமரக் கட்டைக்கு ஓரமாக ஒதுக்கி வைத்த முட்டி, முதுகெலும்பு நுனி, கொஞ்சம் நுரையீரல், விற்காது என்று அறுத்துத் தள்ளிய ஈரல் ஓரம், எல்லாம் ஒரே கறுப்புக் கவரில் விழும். வீட்டுக்குப் போனதும் அந்தக் கவர் இரண்டாகப் பிரியும். எலும்பு குக்கருக்குப் போகும். மிளகு சீரகம் தட்டிப் போட்டு ஐந்தாறு விசில் விட்டு, சூப்பை வீட்டில் உள்ளவர்கள் குடித்துவிட்டு, வெந்த எலும்பை நாய்த் தட்டில் கொட்டுவார்கள். நுரையீரலும் ஈரலும்? நாய் தின்பதற்கு கேஸை எதற்கு வீணாக்குவது என்று வாசலிலேயே பச்சையாக வீசப்படும்.

என்னை உறுத்துவது அந்தக் கவர் இரண்டாகப் பிரிகிற இடம்தான். நாய்க்குப் பச்சைக்கறி போடலாமா என்று பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி ஆகிவிடும். "காட்டுல நரிக்கு யாருப்பா குக்கர் வெச்சுக் குடுத்தது?" என்பது ஒரு கட்சி. கறி எலும்பு எதுவுமே ஆகாது, பாக்கெட் தீனி மட்டும்தான் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே கறியையும் எலும்பையும் ஒரே பொருளாக வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள். நெருப்பு பட்டால் கெட்டுப்போவது எலும்பு. நெருப்பு படாவிட்டால் கெடுதி செய்வது சதையும் உள்ளுறுப்பும். வேகவைக்கக் கூடாததை வேகவைத்தும், வேகவைத்தே ஆக வேண்டியதைப் பச்சையாகவும் போட்டுக்கொண்டிருக்கிறோம். பச்சைக் கட்சிக்கும் பாக்கெட் கட்சிக்கும் நடுவில், வடசென்னையின் பெரும்பாலான வாசல்களில் நடப்பது இந்த மூன்றாவது முறைதான்.

வெந்த எலும்புக்கு என்ன ஆகிறது

கான்க்ரீட் போட்டவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். எலும்பில் சிமென்ட் மாதிரி இருப்பது கால்சியம் பாஸ்பேட். கம்பி மாதிரி உள்ளே ஓடுவது கொலாஜன் என்கிற புரத நார்; காய்ந்த எலும்பின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அது. பச்சை எலும்பு கொஞ்சம் வளைந்து கொடுப்பது இந்த நாரால்தான். வேகவைத்தால் கொலாஜன் ஜெலட்டினாகி தண்ணீரில் இறங்கிவிடும். மிச்ச சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஜெல்லி மாதிரி இறுகியிருக்கிறதே, அதுதான் எலும்பிலிருந்து போன கம்பி. இப்போது நாய்த் தட்டில் கிடப்பது கம்பி உருவிய கான்க்ரீட். கடித்தால் வளையாது, சில்லு சில்லாகத் தெறிக்கும்.

அதிலும் எண்ணெயில் பொரித்ததும் கரியில் சுட்டதும் இன்னும் மோசம், ஈரமும் போய்விடுவதால். கிரில் சிக்கன், தந்தூரி, சிக்கன் 65, பிரியாணி லெக் பீஸ் எதை எடுத்தாலும் கோழியின் கால் எலும்பு மெல்லிய சுவர் உள்ள குழல் மாதிரி. உடையும்போது நீளவாக்கில் ஊசியாகப் பிளக்கும். ஒரு லெக் பீஸ் எலும்பைத் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். அந்தத் துண்டுகள் போகிற வழியைக் கையால் தடவிப் பார்த்தபின் நாய்க்குப் போட மனம் வராது. பிரியாணி எலும்பில் வேறொரு சங்கடமும் ஒட்டிக்கொண்டு வரும்: வெங்காயம். நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே சிவப்பணுக்கள் உடையத் தொடங்கலாம். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 10 கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது இரண்டு நடுத்தர வெங்காயம். ஒரே வேளையில்தான் போக வேண்டும் என்றில்லை, தினமும் கொஞ்சம் மசாலா சாதம் போட்டாலும் சேர்ந்துகொண்டே வரும்.

எலும்புத் துண்டு தொண்டையைத் தாண்டிவிட்டால் தப்பித்தது என்று அர்த்தமில்லை. உணவுக்குழாயில் அது மாட்டுகிற இடங்கள் மூன்று: கழுத்து மார்புக்குள் இறங்கும் இடம், இதயத்தின் அடிப்பாகத்துக்கு மேலே, உதரவிதானத்துக்குச் சற்று முன்னால். மாட்டினால் நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும், எச்சில் ஒழுகும், விழுங்குவது போல மறுபடி மறுபடி செய்யும், குடித்த தண்ணீர் அப்படியே வெளியே வரும். இந்த நேரத்தில் நம் வீடுகளில் கை தானாகப் போகிற வைத்தியம் ஒன்று உண்டு. மீன் முள் மாட்டினால் நாம் சோற்று உருண்டையை மெல்லாமல் விழுங்குவோமே, அதே மாதிரி நாய் வாயிலும் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ திணிப்பது. மீன் முள் மெல்லியது, சோற்றோடு போய்விடும். ஆட்டு முதுகெலும்புத் துண்டு போகாது. தள்ளத் தள்ளச் சுவரைக் கிழிக்கும். உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது, அதே துண்டு அதே வழியில் திரும்பி வந்து இன்னொரு முறை கிழிக்கும். எதுவும் கொடுக்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் பக்கத்துக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரியும், பல நேரம் வாய் வழியாகக் குழாய் விட்டே எடுத்துவிடலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இடத்தில் சுவர் அழுகி ஓட்டையாகிவிடும், பிறகு மார்பைத் திறக்க வேண்டியிருக்கும்.

மாவாகிற அளவுக்கு வெந்த எலும்பு வேறு கதை. கோழிக் கழுத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குக்கரில் விட்டு, ஒவ்வொரு துண்டையும் இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் சந்தனம் மாதிரி குழைகிறது என்றால் அது குத்தாது. ஆனால் அளவு மீறினால் மலம் வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகும். முக்கி முக்கிப் பார்த்துவிட்டு நாய் மூலையில் படுத்துக்கொள்ளும். எனிமா வரைக்கும் போகும். 15 கிலோ நாய்க்கு ஒரு கழுத்து போதும்.

பச்சை எலும்பு மட்டும் யோக்கியமா

வெந்ததைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். பச்சை எலும்பு சில்லாகத் தெறிப்பது குறைவு. பல்லை உடைப்பது குறைவில்லை. மாட்டின் தொடை எலும்பு அந்த மாட்டின் முழு எடையையும் சுமந்த தூண். நாய் பலமாகக் கடிக்கிற மேல்தாடைக் கடைவாய்ப் பல் அதில் பட்டால், பக்கவாட்டில் ஒரு பத்தை அப்படியே பெயர்ந்து வரும். நாய் அதற்காகக் கத்தாது. மாதக்கணக்கில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கும், ஒருநாள் கண்ணுக்குக் கீழே வீங்கி சீழ் பிடிக்கும்போதுதான் நமக்குத் தெரியும். நல்லி எலும்பை வளையமாக நறுக்கிப் போடுவது இன்னொரு வம்பு. மஜ்ஜையை நக்கும்போது வளையம் கீழ்த்தாடையில் கோரைப்பல்லைத் தாண்டி உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளும். பிறகு மயக்க மருந்து கொடுத்து ரம்பம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

போட்டே தீருவேன் என்பவர்கள் கடையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "நறுக்காம முழுசாக் குடுங்க." கத்தி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் பச்சை எலும்புகூட ஒரு முனையோடுதான் இருக்கும். நாயின் வாயைவிடப் பெரிய துண்டு, நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் அளவுக்கு மெத்தென்றது, உதாரணத்துக்கு ஆட்டின் நெஞ்செலும்பு. சாப்பிட்டு வயிறு நிறைந்த பிறகு, பக்கத்தில் ஆள் இருக்க, 10 அல்லது 15 நிமிடம். பிறகு பிஸ்கட்டோ முட்டைத் துண்டோ காட்டி மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். வாயிலிருந்து பிடுங்கினால் அடுத்த முறை அவசரத்தில் முழுசாக விழுங்கும். மென்று தின்னாமல் அள்ளி முழுங்குகிற நாய்க்கு, லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும், எலும்பே வேண்டாம். என் கணக்கில் எலும்பால் நாய்க்குக் கிடைப்பதில் பாதி பொழுதுபோக்கு, மீதி கால்சியம். இரண்டுக்கும் வேறு வழி இருக்கிறது.

கவரின் இன்னொரு பாதி

எலும்பு செய்கிற கெடுதலாவது கண்ணுக்குத் தெரியும். வாசலில் பச்சையாக வீசிய நுரையீரல் ஒன்றுமே செய்யாதது போல இருக்கும். நாய் அதை இரண்டு வாயில் முழுங்கிவிட்டு வாலாட்டும், மறுநாளும் நன்றாக இருக்கும், அடுத்த மாதமும் நன்றாகவே இருக்கும்.

ஆடு, மாடு, எருமையின் ஈரலிலோ நுரையீரலிலோ சில சமயம் வெள்ளையாக, பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு மேலும், தண்ணீர் நிறைந்த ஒரு பை இருக்கும். கத்தி பட்டால் தெளிந்த நீர் பீச்சியடிக்கும். கறிக்கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நீர்க்கட்டி என்று அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தள்ளிவிடுவார்கள். அது ஹைடாடிட் கட்டி. எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் அதற்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். வெட்டித் தள்ளியது எங்கே போகிறது? கட்டைக்கு அடியில் காத்திருக்கிற நாயிடம், இல்லையென்றால் "நாய்க்கு" என்று கேட்டவரின் கறுப்புக் கவருக்கு.

எல்லாரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது ஒன்று உண்டு. அந்த நீர்க்கட்டி உள்ள ஈரலை மனிதன் தின்றால் அவனுக்கு இந்த நோய் வராது. நாய் தின்றால்தான் மனிதனுக்கு வரும். குஞ்சு நாயின் குடலில்தான் புழுவாக வளர முடியும். வளர்ந்த புழு மொத்தமே 3 முதல் 7 மில்லிமீட்டர், மலத்தில் நெளியும் அளவுக்குப் பெரியதல்ல. ஒரு நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் இளைக்காது, வாந்தி எடுக்காது. ஆறேழு வாரத்தில் புழு முட்டையிடத் தொடங்கும். முட்டை மலத்தோடு வெளியே வந்து மண்ணில் கிடக்கும், நாய் பின்பக்கத்தை நக்கிய வாயால் தன் முடியில் பூசிக்கொள்ளும். அந்த நாயைக் கட்டிக்கொண்டு விளையாடிய குழந்தை கை கழுவாமல் முறுக்கு தின்னும். முட்டை குழந்தையின் குடலில் பொரிந்து, ரத்தத்தோடு ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய், ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டியாக வளரும். வருடக்கணக்கில் வலியே இல்லாமல் வளரும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். உள்ளேயே கட்டி உடைந்தால் அலர்ஜி அதிர்ச்சியில் உயிரே போகலாம்.

நாய்க்குப் பச்சைக்கறி ஆகுமா என்ற கேள்வியின் திசையே இந்த இடத்தில் எனக்கு மாறிவிட்டது. நாயின் வயிறு கல்லையும் கரைக்கும் என்று சொல்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை, கரைக்கட்டும். நாய்க்கு ஆகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்றுதான் பதில் வரும். நாய் நன்றாக இருப்பதுதான் இதில் ஆபத்து. சால்மோனெல்லாவும் இதே மாதிரிதான்: கிருமியைத் தின்ற நாய் ஒரு அறிகுறியும் இல்லாமல் நாள் கணக்கில் மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கும், பேதியாகிப் படுப்பது வீட்டுக் கைக்குழந்தையோ சர்க்கரை வியாதிக்காரப் பாட்டியோ.

புளியந்தோப்பு ஆடுதொட்டி மாதிரி மாநகராட்சிக் கூடத்தில் அறுத்தால் கால்நடை மருத்துவர் பார்த்து, சீல் குத்தித்தான் கறி வெளியே வர வேண்டும். தெரு முனையில் அறுக்கும் ஆட்டுக்கு அந்தக் கண் கிடையாது. நீர்க்கட்டி இல்லாத ஈரல்தான் என்று நாமே பார்த்துச் சொல்லவும் முடியாது. சிறியவை உள்ளே புதைந்திருக்கும். ஆட்டுத் தலையும் அப்படித்தான். வேறொரு நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருக்கும். மண்டையைப் பிளந்து பச்சையாகப் போட்டால் அந்தச் சுற்றும் ஓடும்.

ஃபிரீசரில் வைத்துவிட்டால்? இந்தப் புழுக் குஞ்சுகள் மைனஸ் 17 முதல் 20 டிகிரியில் ஒரு வாரம் முழுக்க இருந்தால் சாகும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் பெட்டி, நாளைக்குப் பத்து முறை ஐஸுக்காகத் திறப்பது, நடுவில் கரண்ட் வேறு போவது, அந்தக் குளிரைப் பிடித்து நிற்காது. நின்றாலும் சால்மோனெல்லா, லிஸ்டீரியா மாதிரி பாக்டீரியாக்கள் குளிரில் தூங்குமே தவிர சாகாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010-லிருந்து 2012 வரை நடத்திய சோதனையில், கம்பெனியில் தயாராகி விற்பனைக்கு வந்த 196 பச்சைக்கறித் தீனி மாதிரிகளில் 15-ல் சால்மோனெல்லாவும் 32-ல் லிஸ்டீரியாவும் இருந்தன. உறையவைத்து பாக்கெட்டில் வந்த சரக்கின் கதை இது. நம் கோழிக்கடை டிரம்மைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்பதும் நடக்காது. வாடை போகும், கழுவிய தண்ணீர் தெறித்து பக்கத்தில் இருக்கும் தட்டெல்லாம் நனையும்.

கோழிக் கழுத்தைப் பற்றி இன்னும் ஒன்று. பச்சைக் கழுத்து நாய்க்கு இயற்கை டூத் பிரஷ் என்று விற்கிறார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், திடீரென்று பின்னங்கால் துவண்டு பிறகு நான்கு காலும் செயலிழக்கும் ஒரு நரம்பு நோய்க்கும் பச்சைக் கோழிக்கும் தொடர்பு தெரிந்தது. நோய் வந்த 27 நாய்களையும் வராத 47 நாய்களையும் ஒப்பிட்டார்கள். சந்தேகம் கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி மேல். நோய் வந்த நாய்களிடம் அது இருக்கும் வாய்ப்பு 9 மடங்குக்கு மேல் இருந்தது. பெரும்பாலான நாய்கள் தேறிவிடும், ஆனால் சில நேரம் மாதக்கணக்கில் தூக்கித் தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

"தெருநாய் எல்லாம் தின்னுட்டு நல்லாத்தானே இருக்கு?" நம் கண்ணில் படுவது பிழைத்துக்கொண்ட நாய். குடல் ஓட்டையான நாய் கூவம் கரையிலோ ரயில்வே சுவர் ஓரத்திலோ ஒதுங்கிச் செத்திருக்கும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பானைக்குள்

நுரையீரலை வேகவைக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது மிதக்கும். காற்று நிறைந்த பஞ்சு அது. முழுசாகப் போட்டால் பாதி தண்ணீருக்கு மேலேயே நிற்கும், அடிப்பாகம் சாம்பல் நிறமாக வெந்திருக்க மேல்பாகம் ரோஸாகவே இருக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் போட்டு, மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வைத்து, கொதி வந்ததிலிருந்து 30 நிமிடம். நுரை பொங்கும், எடுத்துவிடலாம். ஈரலுக்கும் அதே 30 நிமிடம். நீர்க்கட்டி தெரிகிற துண்டை வேகவைத்துக்கூடப் போட வேண்டாம். காக்கையும் நாயும் தோண்டாத ஆழத்தில் புதைக்கலாம், எரித்துவிட்டால் இன்னும் நல்லது. ஈரல் மலிவு என்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ ஏறிவிடும். மொத்தத் தீனியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

15 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி போதும். 200 கிராம் கறி, அது கோழியோ மாட்டுக்கறியோ, உப்பு வெங்காயம் பூண்டு இல்லாமல் வேகவைத்தது. வேகவைத்த தண்ணீரோடு 300 கிராம் சோறு. ஒரு கைப்பிடி பூசணியோ கேரட்டோ. இரண்டு வேளையாகப் பிரிக்கலாம். சதையில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு இருக்கும். நாய்க்கு வேண்டியதோ கால்சியம் சற்றுத் தூக்கலாக. வெறும் கறியும் சோறும் தின்று வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். கால் வளையும், கட்டிலிலிருந்து குதித்தாலே முறியும். வளர்ந்த நாய்க்கு முட்டை ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, மிக்ஸியில் மைதா பதத்துக்கு அரைத்து அரை டீஸ்பூன் கலந்தால் ஒரு கிராம் அளவுக்குக் கால்சியம் கிடைக்கும். குட்டிக்கு, முக்கியமாகப் பெரிய ஜாதிக் குட்டிக்கு, இந்தக் கைவைத்தியம் வேண்டாம். கூடினாலும் எலும்பு கோணும். அதற்கு டாக்டரிடம் அளவு கேளுங்கள், அல்லது குட்டிகளுக்கான தீனியே போடுங்கள்.

காசிமேட்டுக்காரர்களுக்கு: நெத்திலி, கவலை மாதிரி மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால் அதில் உள்ள தியாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், வேகவைத்தால் அது செயலிழக்கும். குக்கரில் அரை மணி நேரம் விட்டால் இந்தச் சின்ன மீன்களின் முள்ளும் கரைந்துவிடும். கெளுத்தி முள் எவ்வளவு வெந்தாலும் குத்தும். வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீன் பக்கம் நாயை விடவே கூடாது. அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

இதுவரை பச்சையாகப் போட்டுப் பழகியிருந்தால் பூச்சி மாத்திரையைச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். அட்டையின் பின்னால் பிரசிகுவாண்டெல் என்று இருக்க வேண்டும், நாடாப்புழுவைக் கொல்வது அந்த மருந்துதான். கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதாவது 10 கிலோவுக்கு 50. வெறும் பைரான்டெல் உருண்டைப் புழுவோடு நின்றுவிடும். கறிக்கடைப் பக்கம் திரிகிற நாய் என்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, புழு முட்டையிடத் தொடங்கும் முன்னே. மாத்திரை போட்ட இரண்டு மூன்று நாள் மலத்தைக் கையுறையோடு எடுத்து ஃபிளஷ் பண்ணிவிடுங்கள், செத்த புழுவுக்குள்ளும் முட்டை உயிரோடிருக்கும்.

மிச்சம் இருப்பது சூப்பு எலும்பு. நம் நாய்க்குப் போடவில்லை என்று ராத்திரி கவரில் கட்டி வாசலில் வைத்தால், பதினோரு மணிக்குத் தெருநாய் கவரைக் கிழித்து அதையே தின்னும். பழைய பேப்பரில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் போட்டு உள்ளேயே வைத்திருந்து, காலையில் குப்பை வண்டி வரும்போது நேராக வண்டியில் கொடுத்துவிடலாம். ராத்திரி நாற்றம் தாங்காது என்றால் ஃபிரீசரில் வையுங்கள்.